கடல் இல்லை என்று எழுதினேன்

முழுவதும் விளையாடிப் பார்க்காத ஒரு கணினி விளையாட்டைப் பற்றி, எல்லாம் பார்த்தவன்போல மேடையில் பேசினேன். அதை உருவாக்கிய பெண் ‘எதுவரைக்கும் போனீர்கள்’ என்று நேரே கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த பிறகும், அதே பேச்சைக் கட்டுரையாக்கிப் பத்திரிகையில் போட்டேன். மூன்று பேராக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அதன்பின் இரண்டு பேரானார்கள். இவ்வளவும் நான் செய்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

வாரப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் என் பணி அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் ஆசிரியர் கேட்டார். பக்கம் கட்டுவதையும் படம் வெட்டுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஒரு நாள் முழுக்க மாரடித்ததை நீங்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வேலை இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. நம்மூரில் எதையும் தனியே பார்க்கிற வழக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் புது அதிபரைப் பழைய அதிபரோடும், இளைய மருமகளை மூத்த மருமகளோடும், இந்த வருடத்து மாம்பழத்தைப் போன வருடத்து மாம்பழத்தோடும் வைத்துத்தான் பேசுவோம். அநேகமாகப் பழையதுதான் வெல்லும். அதற்கு ஒரு நியாயமும் தேவைப்படுவதில்லை.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் நூல் வெளியீட்டு விழாக்களில் மதிப்பீட்டுரை செய்வதற்குப் பேர்போனவர். விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றி, வரவேற்று, தலைமை பேசி, நூலை வெளியிட்டு, அதன்பின் நயப்புரை, மதிப்பீட்டுரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. நயப்புரைகாரர் புகழ்ந்தால் போதும். மதிப்பீட்டுரைகாரர் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் வாசிக்கவில்லை என்று சபை நினைத்துவிடும். என் ஆசான் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

“முன்னுரையை வாசி. கடைசிப் பக்கத்தை வாசி. நடுவிலை ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பிழை பிடி. அதைப் பக்க எண்ணோடை சொன்னியெண்டா, முழுக்க வாசிச்சவன் எண்டு ஊர் நம்பும்.”

ஒரு நாவல் வெளியீட்டுக்கு அவர் இந்த வழியிலேயே போனார். நடுப்பக்கத்தைத் திறந்தால் மிளகாய்க் கன்றில் வரும் இலைச்சுருள் நோயைப் பற்றி இருந்தது. அவர் கலங்கவில்லை. “காதலர் பிரிகிற கட்டத்தில் ஆசிரியர் திடீரென்று மிளகாய்த் தோட்டத்துக்குத் தாவுகிறார். துணிச்சலான உத்தி. அங்கே இலை சுருள்கிறது, இங்கே மனம் சுருள்கிறது. ஆனாலும் மருந்து தெளிக்கும் அளவை இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க வேண்டாம்” என்றார். சபை கைதட்டியது. அச்சகத்தில் அந்த ஒரு பிரதிக்குள் மட்டும் விவசாயக் கையேட்டின் பக்கங்கள் சேர்ந்து கட்டப்பட்டுவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பகிடி, ஏற்புரையில் நூலாசிரியர் எழுந்து, “அந்த உத்தியைக் கண்டுகொண்டவர் இவர் ஒருவர்தான்” என்று நன்றி சொன்னார்.

திரும்பிச் சைக்கிளில் வரும்போது என் ஆசான் சந்தி தாண்டும் வரை முன்னால் மிதித்தார். பிறகு சொன்னார்: “அவனும் தன்ரை புத்தகத்தை வாசிக்கேல்லைப் போலை கிடக்கு.”

சிரித்துச் சிரித்து வயிறு நோக, சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். அன்றைக்கே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். எனக்குப் பிடிபட்டதோ, இப்படியும் தப்பலாம் என்பதுதான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். கணினி நிலையங்கள் சந்திக்குச் சந்தி இருந்த காலத்தில், பள்ளிக்கூடப் பெடியள் அங்கே பொழுதை வீணாக்குகிறார்கள், போய் ஒரு கட்டுரை எழுது என்று என்னை அனுப்பினார்கள். நல்லூர்ப் பக்கம் ஒரு நிலையத்துக்குள் போனால், ஒரே திரைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு தலை. ‘பாய்மரம்’ என்ற விளையாட்டு. இங்குள்ள பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் செய்தது. தொண்டைமானாற்றிலிருந்து புகையிலை ஏற்றிக்கொண்டு ஒரு தண்டையல், அதாவது பாய்க்கப்பலின் தலைவன், கடல் கடந்து போய்வர வேண்டும். பெடியள் போட்ட சத்தத்தில் கூரை போய்விடும் போலிருந்தது. திட்டி எழுதப் போன நான் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, ‘எங்கள் பிள்ளைகளின் கடல்’ என்று எழுதினேன். பிறகு இரண்டாம் பாகம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெற்று, கட்டுரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தபோது வதனா வந்தாள். முதல் ‘பாய்மரம்’ செய்த மாணவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது முப்பது தாண்டிவிட்டது. பின்னேரங்களில் ஒரு தனியார் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறாள். மிச்ச நேரத்தில் அரியாலையில் ஒரு மேல்மாடியில் இரண்டு பேரோடு சேர்ந்து அதே விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து புதிதாகச் செய்திருக்கிறாள். பெயரும் அதே பெயர், தண்டையலும் அதே ஆள். ஆனால் கதையையும் ஓட்டத்தையும் முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ‘றீபூட்’ என்று சொல்லுகிறார்கள். மற்ற இருவரில் ரகுலன் கணினி நிரல் எழுதுகிறவன். நிரோசன் படம் கீறுகிறவன்.

வெளியீட்டு விழாவில் நான் மதிப்பீட்டுரை செய்ய வேண்டும் என்று கேட்டு, என் மடிக்கணினியில் விளையாட்டை ஏற்றித் தந்தாள்.

“ஐயா, இன்னும் ஒரு கிழமை கிடக்கு. வடிவா இருந்து விளையாடிப் பாருங்கோ. துவக்கம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும்.”

“ஓம் பிள்ளை. பாக்கிறதுதானே என்ரை வேலை.”

“கொழும்பிலை ஒரு கொம்பனி இதை எடுத்து வெளியிடக் கேட்டிருக்கு. இஞ்சை என்ன சொல்லுகினம் எண்டு பாத்துப்போட்டுத்தான் முடிவு சொல்லுவினமாம். அதுக்காக நல்லா எழுதச் சொல்லேல்லை. உண்மையா எழுதுங்கோ, போதும்.”

அவர்கள் எடுத்தால் மூவரும் ஒன்றாக இருக்கலாம், எடுக்காவிட்டால் நிரோசன் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்விடுவான் என்பதையும் சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் நான் தலையாட்டினேன்.

அந்த ஏழு நாளில் ஒரு கலியாணம் வந்தது, ஒரு செத்தவீடு வந்தது. மிச்சம் என் சோம்பல். விழா நாள் காலையில்தான் திறந்தேன். கதிரையில் இருந்து பார்த்தால், ஒரு களப்பில், ஆழமில்லாத தேங்கு நீரில், சின்ன வள்ளம். கையில் மரக்கோல், அதுதான் ஊன்றித் தள்ளுகிற தடி. தண்டையலின் இளமைக் காலமாம். இரண்டு முறை ஊன்றினேன், வள்ளம் சேற்றில் புதைந்தது. அந்த விசையை அழுத்தினேன், இந்த விசையை அழுத்தினேன். அசையவில்லை.

என் மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. “இஞ்சாருங்கோ, விடியத்துவக்கம் அந்தச் சேத்துக்கை நிண்டு என்ன செய்யிறியள்?”

“ஆராய்ச்சி.”

“அப்ப வெளியாலை வரேக்கை காலைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

புத்தகம் என்றால் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பேன். விளையாட்டில் அந்தச் சலுகை இல்லை. கடைசிக்கு நாமே போய்ச் சேர வேண்டும். நான் இருபது நிமிடத்தில் மூடி வைத்தேன். முதல் ‘பாய்மரம்’ திறந்தவுடனே கடல் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. பேச்சுக்கு அது போதும் என்று பட்டது.

நல்லூரில் ஒரு மண்டபத்தில் விழா. நூல் வெளியீடுபோலவே எல்லாம் நடந்தது. விளக்கு, வரவேற்பு, மாலை, மைக் இரைச்சல். என் முறை வந்தது. பழைய ‘பாய்மரம்’ எப்படிக் கடலை எங்கள் முகத்தில் அடித்தது என்று உருக்கமாகச் சொன்னேன். பிறகு நிறுத்தி, “புதிதிலும் பாய் உண்டு, மரம் உண்டு, முழங்கால் அளவு சேறும் உண்டு. கடலைத்தான் காணவில்லை” என்றேன். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் மெலிந்த ஒரு பெடியன் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தான். அவன்தான் நிரோசன் என்று பிறகு அறிந்தேன்.

ஏற்புரையில் வதனா எல்லோருக்கும் நன்றி சொன்னாள், எனக்கும் சொன்னாள். பிறகு தேநீர். நான் கையில் வடையோடு நிற்க, கிட்ட வந்தாள்.

“ஐயா, எங்கை மட்டும் போனனீங்கள்?”

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ‘இருபது நிமிடந்தான் பிள்ளை, சேற்றில் புதைந்துபோனேன்’ என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் சொன்னது: “முடிவு வரைக்கும்.”

“எந்த முடிவு? மூண்டு முடிவு கிடக்கு.”

“மூண்டிலையும் நடுவிலை உள்ளது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், பிடிபட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. “தேத்தண்ணி ஆறப்போகுது ஐயா, குடியுங்கோ” என்றுவிட்டு விருந்தினரைக் கவனிக்கப் போனாள்.

நெருக்கடியில் வேலை செய்வது என்றால் குண்டு விழும்போது தலையங்கம் எழுதுவது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்த நாட்களிலும் நான் மேசையில் இருந்தவன்தான். அப்போது நான் பொய் எழுதவில்லை. கையில் வடையோடு, மின்விசிறிக்குக் கீழே, யாரும் மிரட்டாமல் நின்றபோதுதான் பொய் சொன்னேன். வெட்கம்தான் நான் கண்டவற்றுள் பெரிய நெருக்கடி. அதற்கு நீங்கள் ஆயத்தமாக இருங்கள்.

கட்டுரை கொடுக்க இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குப் போய் மறுபடி திறந்து பார்த்திருக்கலாம். திறந்தால் கடல் இருந்துவிடுமோ என்ற பயத்தில் திறக்கவில்லை. ‘கடல் இல்லாத பாய்மரம்’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. பலர் தொலைபேசியில் பாராட்டினார்கள். ஒருவரும் அதை விளையாடியிருக்கவில்லை.

சில கிழமைக்குப் பிறகு நல்லூருக்குப் பக்கத்தில் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், தானாகவே கதைத்தார். நம்மூர்ச் சந்தையில் கதைக்க அறிமுகம் தேவையில்லைதானே.

“இப்ப ஒரு கட்டு வாங்கவே யோசினையாக் கிடக்கு. தனியாள் எவ்வளவைச் சாப்பிடுறது? என்ரை மோன் கொழும்புக்குப் போட்டான்.”

“வேலையோ அம்மா?”

“ஓம். விளம்பரத்துக்குச் சவர்க்காரம் கீறுறானாம். இஞ்சை ரெண்டு வருசமாக் கடல் கீறினவன். கொம்பியூட்டர் விளையாட்டுக்கு. கொழும்பாக்கள் எடுக்க இருந்தவை, பேந்து பேப்பரிலை ஆரோ அதுக்குள்ளை கடலே இல்லையெண்டு எழுதிப்போட்டினமாம். விட்டிட்டினம். என்ரை வீட்டுச் சுவரெல்லாம் அவன் ஒட்டி வைச்ச அலைதான். கடல் இல்லையாம்! எழுதினவருக்குக் கண் தெரியாதோ, பாவம்.”

“பாவந்தான்” என்றேன்.

“நீங்கள் என்னத்துக்கு முத்தலாப் பாத்து எடுக்கிறியள்? விடுங்கோ, நான் எடுத்துத் தாறன்.” எனக்கு நல்ல காயாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்துத் தந்தார்.

அந்தக் காய்களோடு வீட்டுக்கு வந்து நேரே மடிக்கணினியைத் திறந்தேன். மறுபடி அதே சேறு. அழுத்தினேன், ஊன்றினேன், புதைந்தேன். கோபம் வந்து மேசையில் அடிக்கப்போன நேரம் வெளியே ரொட்டி விற்கிற பாண் வண்டியின் பாட்டுக் கேட்டது. எழும்பிப் போய், வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரோடு மழையைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்து, பாணோடு திரும்பி வந்தால், வள்ளம் மிதந்துகொண்டிருக்கிறது! நீர் ஏறியிருந்தது. அந்த இடத்தில் செய்ய வேண்டிய காரியம், ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. நான்தான் ஓயாமல் ஊன்றி ஊன்றிப் புதைந்திருக்கிறேன்.

அதன்பின் களப்பைக் கற்றுக்கொண்டேன். எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, நாரை நிற்கும் இடத்தில் எத்தனை சாண் தண்ணீர். கடைசியில் ஒரு விடியலில், கப்பல் கைக்கு வந்து, ஆற்றுவாயைத் தாண்டினேன். அதற்குப் பிறகு வந்த கடலைப் பற்றிக் கீழே சொல்லுகிறேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். மனுசி வந்து பின்னால் நின்று பார்த்தா. “உந்தக் கடலைத்தானே இல்லையெண்டு எழுதினனீங்கள்?” என்று கேட்டா. ஓம் என்றேன். அவ சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனா.

இரண்டு கிழமையில் மூன்று முடிவுகளையும் பார்த்தேன். எழுபது வயது விரல்களால் எத்தனை கப்பல் கவிழ்த்தேன் என்று கேட்காதீர்கள். பிறகு அரியாலைக்குப் போனேன். மேல்மாடியில் மூன்று மேசை. ஒன்று வெறுமையாக இருந்தது. வதனா எழும்பி நின்றாள். ரகுலன் எழும்பவில்லை.

“பிள்ளை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். இருபது நிமிசந்தான் விளையாடினது. இப்ப முழுக்கப் பாத்திட்டன்.”

“தெரியும் ஐயா” என்றாள். “நடுவிலை உள்ள முடிவெண்டு ஒண்டு இல்லை. ஒண்டிலை கப்பல் வருது, ஒண்டிலை ஆள் மட்டும் வருது, ஒண்டிலை கடிதம் மட்டும் வருது. உதிலை எது நடு?”

ரகுலன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கடல் கிடந்ததோ ஐயா? இல்லாட்டி நாங்கள் இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திவிடுறம்” என்றான்.

“தம்பி, எவ்வளவெண்டாலும் சொல்லு. கேட்கத்தான் வந்தனான்.”

“சொல்லி என்ன? உந்த மேசையிலை இருந்தவன் இப்ப சவர்க்கார நுரை கீறுறான்.”

மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். வதனா தலையை ஆட்டினாள். “மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம் ஐயா. நீங்கள் அண்டைக்கு ஒப்பிட்டனீங்கள். அந்த வேலையைச் செய்து முடியுங்கோ. பழசையும் விளையாடுங்கோ, புதுசை விளையாடிட்டியள்தானே. பழசிலை திறமா ஏதும் இருந்தா அதையும் ஒளிக்காமல் எழுதுங்கோ. எங்களைத் திருப்திப்படுத்த எழுதினியளெண்டா அது ரெண்டாவது பொய்.”

பழைய ‘பாய்மரம்’ ஓடக்கூடிய ஒரு பழங்கணினி அங்கே மூலையில் இருந்தது. ரகுலன் அதைத் தூசு தட்டி இயக்கினான். நான் ஆவலோடு குனிந்தேன். கடல் உடனே தெரிந்தது, உண்மைதான். நீலப் பெயின்ற் பூசின ஒரு தகரம். காற்றுக்கு நாலே திசை. கப்பல் ஒரு தீவுக்குள் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வந்தது, ஒரு கீறலும் இல்லை.

“இதுவோ?” என்றேன்.

“இதுதான் ஐயா. உங்கடை முகத்திலை அடிச்ச கடல்” என்றான் ரகுலன்.

அப்படியென்றால் நான் எதை இவ்வளவு காலம் மெச்சிக்கொண்டிருந்தேன்? யோசித்துக்கொண்டே கப்பலை ஓட்ட, அது ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. “ஒராளாலை ஏலாது” என்று ரகுலன் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து இருந்தான். ஒரே விசைப்பலகையில் இடக்கைப் பக்கம் சுக்கான், வலக்கைப் பக்கம் பாய். அவன் சுக்கான், நான் பாய்.

“விரியுங்கோ ஐயா, விரியுங்கோ! ஐயோ, சுருட்டச் சொன்னனானோ?”

“நீ எந்தப் பக்கம் திருப்பிறாயெண்டு சொன்னாத்தானே?”

“காத்து எந்தப் பக்கமெண்டு தெரியேல்லையோ?”

“நாலு திசைதானே கிடக்கு, அதிலை ஒண்டாத்தான் இருக்கும்!”

கப்பல் பாறையில் மோதியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி, மறுபடி தொடங்கினோம். நாலாவது தரம் துறைமுகத்தில் கட்டியபோது நானும் அவனும் சத்தம் போட்டதில், கீழ்வீட்டு அம்மா என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணினி நிலையத்தில் கூரையைப் பிய்த்தது கடல் அல்ல. ஒருவன் பாயையும் மற்றவன் சுக்கானையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதுதான். புதிதில் அது இல்லை. அதில் தண்டையல் தனியாகப் போய்த் தனியாக வருகிறான்.

இதை அப்படியே எழுதினேன். புதிதின் கடலுக்கு முன்னால் பழையதின் கடல் வெறும் தகரம். பழையதின் சிரிப்புக்கு முன்னால் புதிது ஊமை. களப்பில் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு குறிப்பாலாவது காட்டியிருக்கலாம் என்றும் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் முதலாக, இருபது நிமிடம் பார்த்துவிட்டு எழுதியதையும் பொய் சொன்னதையும் முதல் பந்தியில் வைத்தேன்.

அப்போதைய ஆசிரியர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, எங்கடை பேருக்கு நாங்களே ஏன் சேறு பூசுவான்? திருத்தம் எண்டு போட்டு உள்பக்கத்திலை நாலு வரி விடுவம்.”

“பொய் முன்பக்கத்திலை, படத்தோடை வந்தது” என்றேன். “இதுவும் அங்கைதான் வரவேணும். அதே இடம், அதே அளவு எழுத்து. இல்லாட்டி இனி என்ரை கட்டுரை ஒண்டும் வேண்டாம்.”

அவர் கடைசியில் முன்பக்கத்திலேயே போட்டார். அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. உங்கள் பிழையைத் திருத்தும்போது அதன் அளவிலேயே திருத்துங்கள். இது ஒன்றைத்தான் நான் சட்டமாகச் சொல்லுவேன்.

அதன்பின் ஒரு மாதம் சலூன்காரர்கூட என்னை விடவில்லை. “ஐயா, தலையிலை மயிர் கிடக்கோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு வெட்டுறன்” என்றார். சந்தையில் அந்த அம்மாவைத் தேடிப்போய், எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எனக்குச் சொல்லி என்ன? அவனுக்குச் சொல்லுங்கோ” என்று தொலைபேசி எண்ணைத் தந்தார். இரண்டு முறை அழைத்தேன். நிரோசன் எடுக்கவில்லை.

கொழும்புக் கொம்பனிக்கு நானே கட்டுரையை மொழிபெயர்த்து அனுப்பினேன். இந்த வருடத்துக்கு வேறு விளையாட்டுகளை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தக் கதவு திறக்கவேயில்லை. வதனாவும் ரகுலனும் விளையாட்டைத் தாங்களாகவே வெளியிட்டார்கள். களப்புப் பற்றிய என் குறையை வதனா ஏற்கவில்லை. “சொல்லிக்குடுத்தா அது சேறில்லை ஐயா, பாடம். ரியூசன் நான் பின்னேரம் குடுக்கிறன்தானே” என்றாள். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் வழியைச் சேர்த்தார்கள். அதற்குப் புதுப் படங்கள் தேவைப்பட்டன. நிரோசன் சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து கீறி அனுப்பினான் என்று அறிந்தேன்.

தைப்பொங்கல் விடுமுறைக்கு அவன் வந்திருந்தான். வதனா சொல்ல, அரியாலைக்குப் போனேன். வெறுமையாக இருந்த மேசையின் விளிம்பில் ஏறி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“வாசிச்சனான் ஐயா” என்றான். “நான் திரும்பி வரமாட்டன். அங்கை வேலை பிடிச்சுப்போச்சு எண்டில்லை, அம்மாவையும் கூப்பிடப்போறன், அதுதான். உங்களிலை இப்ப கோவமில்லை. இல்லையெண்டும் சொல்லேலாது. கொஞ்சம் கிடக்கு.”

“இருக்கட்டும் தம்பி. அது நியாயம்.”

தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்: “ஆத்துவாய் தாண்டினாப்பிறகு வடிவாப் பாத்தனீங்களோ? இல்லை, அடுத்த துறைக்குப் போற அவசரத்திலை...”

நான் கட்டுரையில் எழுதாத ஒன்றை அவனுக்குச் சொன்னேன். ஆற்றுவாயில் முதல் அலை எழும்புகிறது. உடைவதற்குச் சற்று முன்னால் அதன் முதுகு மெலிந்து, விடியல் வெளிச்சம் அதற்குள்ளால் வருகிறது. பச்சை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. அதற்குள் ஒரு சின்ன மீன் குறுக்கே போகிறது. அதைக் கண்டவுடன் நான் விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். கப்பல் கவிழ்ந்தது. அந்த அலைக்காகத் திரும்பப் போனேன், மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாம் தரம், என்னை அறியாமல் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன்.

நிரோசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். “மீனைக் கண்டனீங்களோ?”

“ஓம். இடமிருந்து வலம்.”

“அந்த மீனை ஆரும் காணமாட்டினம், வேலை மெனக்கேடு எண்டு இவை ரெண்டு பேரும் என்னோடை சண்டை.” அவன் முகம் முழுக்க மாறிவிட்டது. மேசையிலிருந்து குதித்து இறங்கி, உள்ளறைப் பக்கம் திரும்பிக் கத்தினான்:

“வதனாக்கா! ரகுலண்ணை! இஞ்சை வாங்கோ, ஒராள் மீனைக் கண்டவராம்!”